காதை விட்டுச் சொல்லின் உறவைக் கேளுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளின் கட்டுரைகளில், இலக்கணப் பிழையைவிட, ஒலி ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் உள்ள சொற்கள் இடம் மாறி நிற்பதையே நான் அதிகம் காண்கிறேன். இது நமக்குப் புதிய சிக்கல் அன்று. பேச்சில் 'அரை', 'அறை' இரண்டையும் பெரும்பாலும் ஒன்றுபோலவே சொல்கிறோம். எழுத்துதான் பழைய வேறுபாட்டைக் காத்து வருகிறது. ஆங்கிலத்திலும், 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கிய பிறகு எழுத்துமுறை மெல்ல நிலைபெற, ஒலி மட்டும் மாறிக்கொண்டே போனது.

ஆகவே, ஐயம் எழும்போது அந்தச் சொல் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பாருங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரி எடை போடும் இடத்தில் காத்திருப்பதை எழுத இரண்டு 'வெயிட்' வேண்டும். எடையைக் குறிப்பது, 'நிறு' என்று பொருள்படும் 'வெய்' என்ற வினைக்கு உறவானது. அதனால்தான் ஒலிக்காத ஜி, எச் இரண்டும் அதிலும் இருக்கின்றன. காத்திருத்தலுக்கு அந்த உறவில்லை. ஏ, ஐ போதும். 'ஹியர்' இன்னும் எளிது: கேட்பதைக் குறிக்கும் சொல்லுக்குள் காதைக் குறிக்கும் 'இயர்' முழுதாக இருக்கிறது, 'இங்கே' என்பதோ 'அங்கே', 'எங்கே' என்பவற்றின் ஆங்கிலச் சொற்களுக்குள் அப்படியே அடங்கியிருக்கிறது.

எழுதுபொருளுக்கும் அசையாமல் நிற்பதற்கும் ஒரே ஒலியுள்ள 'ஸ்டேஷனரி' பலரைத் தடுமாற வைக்கும். ஊர் ஊராய் அலையாமல் ஓரிடத்தில் கடை வைத்துப் புத்தகம் விற்றவரை ஸ்டேஷனர் என்றார்கள். டீச்சர், பேக்கர் போல அவருக்கும் ஈ, ஆர் என்ற ஈறு. அவர் விற்ற எழுதுபொருளுக்கும் அதே ஈ. அசையாமல் நிற்பதற்கு ஏ.

'பிராக்டிஸ்' மட்டும் சற்றுப் பொறுமை கேட்கும். நம் பள்ளிகள் பின்பற்றும் பிரிட்டிஷ் முறையில் பெயர்ச்சொல்லுக்கு சி, வினைக்கு எஸ். ஒலி ஒன்றே என்பதால், அதன் இடத்தில் 'அட்வைஸ்' என்பதை வைத்துப் பாருங்கள்: பெயர்ச்சொல்லின் ஈறு பாம்பின் சீறலாகவும், வினையின் ஈறு தேனீயின் ரீங்காரமாகவும் கேட்கும். சீறினால் சி, ரீங்கரித்தால் எஸ். அமெரிக்க முறையில் இரண்டுக்கும் சி என்பதால், கணினியில் எழுதும் பிள்ளைகள் அதன் பிழைதிருத்தியைப் பிரிட்டிஷ் ஆங்கிலத்திற்கு மாற்றிக்கொண்டு தொடங்குவது நல்லது.