சில்லறையில் வந்த வெள்ளைக் காசு: உரைத்துப் பார்க்கும் முன்

சில்லறையை எண்ணும்போது ஒரு காசு மட்டும் தனியாகத் தெரிகிறது. மற்றவற்றைவிட வெளுப்பாக இருக்கிறது, அல்லது பள்ளங்களில் கருப்பேறிச் சாம்பல் நிறமாக இருக்கிறது. புதியவர்கள் உடனே கேட்பது "இது வெள்ளியா?" என்றுதான். முதலில் கேட்க வேண்டியது "இது எந்த நாட்டுக் காசு, எந்த ஆண்டு, என்ன மதிப்பு?" என்பது. அது தெரிந்தால் உலோகமும் பெரும்பாலும் தெரிந்துவிடும். எந்த நாடு எந்த ஆண்டில் எந்தக் கலவையில், எத்தனை கிராமில் காசு அடித்தது என்பதெல்லாம் நாணயப் பட்டியல்களில் இருக்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் காசுகள் பாழாகின்றன.

துலக்குவது

வேண்டாம். ஆண்டு மங்கலாக இருந்தாலும் வேண்டாம். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள்.

அரமும் அமிலமும்

இதை நீளமாகத்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதைச் செய்கிறவர், தாம் மிகவும் முறையாக நடந்துகொள்வதாகவே நம்புகிறார். நகையை உரைகல்லில் உரைப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் காசையும் உரைத்தால் என்ன என்று தோன்றுகிறது. நகையில் விழுந்த கீறலை மெருகேற்றி மறைக்கலாம். காசில் அச்சு பதித்த மேற்பரப்பு ஒருமுறை போனால் போனதுதான். சேகரிப்பவர் விலை கொடுப்பதும் அந்த மேற்பரப்புக்குத்தான்.

நடப்பது இதுதான். அமெரிக்காவின் 25 சென்ட் ஒன்று கிடைக்கிறது. அதில் 1964 என்று தெளிவாக இருக்கிறது. அந்த ஆண்டுவரை அந்தக் காசு 90 சதவீதம் வெள்ளி என்பது பட்டியலைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் கைக்கு வருவது சோதனைத் திரவம். நைட்ரிக் அமிலத்தில் பொட்டாசியம் டைகுரோமேட் கலந்தது அது; வெள்ளியில் பட்டால் ரத்தச் சிவப்பாகும். சிவப்பும் வருகிறது. பிறகு "பூச்சாக இருந்தால்?" என்ற சந்தேகம் எழுகிறது. அரத்தை எடுத்து விளிம்பில் ஒரு வெட்டு, அதற்குள் இன்னொரு சொட்டு. முடிவில் கையில் இருப்பது விளிம்பு வெட்டுப்பட்டு, முகத்தில் கறை படிந்த காசு. தெரிந்துகொண்டதோ ஆண்டு எண் ஏற்கெனவே சொன்ன செய்தி.

அமிலம் சொல்வதும் முழு உண்மை இல்லை. பிரிட்டன் 1920 முதல் 1946 வரை அடித்த வெள்ளிக் காசு ஒவ்வொன்றிலும் வெள்ளி 50 சதவீதம்தான். அடிப்பதற்கு முன் வெற்றுத் தகட்டை அமிலத்தில் ஊறவைத்து மேல்தோலிலிருந்த செம்பை நீக்கினார்கள். அதனால் மேல்தோலில் வெள்ளி அதிகம். அங்கே சொட்டு விட்டால் தரம் கூடுதலாகவே தெரியும். பூச்சுக் காசிலும் இதே ஏமாற்றம்தான். டைகுரோமேட் நச்சு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளிம்பு வெட்டுவதற்கான இடம் அல்ல, படிப்பதற்கான இடம். அமெரிக்கா 1965 முதல் அடித்த 25 சென்ட் செம்பு நடுவில், நிக்கல் கலவை இரு பக்கமும் வைத்த அடுக்கு. நிமிர்த்திப் பார்த்தால் விளிம்பில் செம்புக் கோடு தெரியும். வெள்ளிக் காசில் அது இருக்காது.

இதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது எடை போடுவது. 0.01 கிராம் காட்டும் தராசு போதும். அதே 25 சென்ட் வெள்ளி என்றால் 6.25 கிராம், அடுக்குக் காசு என்றால் 5.67. நன்றாகத் தேய்ந்த காசு கொஞ்சம் குறைவாக நிற்கும்.

காசு எதுவென்று அடையாளமே தெரியாவிட்டால் அடர்த்தியைப் பாருங்கள். உலர்ந்த காசின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தராசின்மேல் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் சுவரையும் தொடாமல் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய நீரின் எடை. முதல் எடையை இதனால் வகுங்கள். 6.25 கிராம் காசுக்கு 0.61 வந்தால் 10.2, இது 90 சதவீத வெள்ளியின் 10.3க்கு அருகில். செம்பு நிக்கல் கலவை என்றால் 8.9 ஒட்டி வரும்.

காற்றுக் குமிழி ஒட்டினால் விடை குறைந்துவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது. 2.5 கிராம் போன்ற சின்னக் காசில் தராசின் 0.01 பிழையே விடையை 0.4 வரை நகர்த்திவிடும். அங்கே வெள்ளியா இல்லையா என்பதைச் சொல்லலாம். 80 சதவீதமா 90 சதவீதமா என்று சொல்லக் கூடாது.

காந்தத்தை அளவுக்கு மீறி நம்புவது

ஒட்டினால் திடமான வெள்ளி அல்ல, அவ்வளவுதான் முடிவு. ஒட்டாவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை, ஏனென்றால் செம்பு நிக்கல் கலவையும் ஒட்டாது. கனடாவின் 1970களின் 25 சென்ட் நிக்கலாலானது, ஒட்டும். சாய்த்த காசின்மேல் நியோடிமியம் என்ற வலுவான காந்தத்தைச் சறுக்கவிட்டு, மெதுவாக இறங்கினால் வெள்ளி என்பார்கள். செம்பிலும் அது மெதுவாகத்தான் இறங்கும். செம்பு நடுவில் உள்ள அடுக்குக் காசு இங்கே பலரை ஏமாற்றுகிறது. காந்தத்துக்கும் காசுக்கும் நடுவில் ஒரு தாளை வையுங்கள், கீறல் விழாது.

ஆண்டை அப்படியே படிப்பது

1387 என்று பார்த்ததும் அறுநூறு ஆண்டுப் பழமை என்று துள்ள வேண்டாம். இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி ஆண்டானால் அது 1967. மாற்ற, 0.97ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள்; ஓராண்டு முன்பின் இருக்கலாம். தாய்லாந்துக் காசில் 543 கழியுங்கள். நேபாளத்தின் விக்கிரம ஆண்டில் 57 கழியுங்கள்.

ஜப்பானியக் காசில் பேரரசர் ஆட்சியாண்டுதான் இருக்கும். ஷோவா (1926 முதல் 1989 வரையிலான ஆட்சிக்காலம்) ஆண்டோடு 1925 கூட்டுங்கள். இது முக்கியம், ஏனென்றால் 100 யென் காசு 1966 வரை 60 சதவீத வெள்ளி, 1967 முதல் செம்பு நிக்கல். இரண்டும் 4.8 கிராம், இரண்டும் 22.6 மில்லிமீட்டர். எடையும் விட்டமும் இங்கே கைவிடும். ஆண்டும் சித்திரமும்தான் சொல்லும்: புதியதில் செர்ரிப் பூ, பழையதில் பீனிக்ஸ் பறவை அல்லது நெற்கதிர்.

தரையில் போட்டு ஓசை கேட்பது

விளிம்பு நசுங்கும். விரல் நுனியில் நிறுத்திப் பென்சிலால் தட்டினாலே போதும்.

வெள்ளை சென்ட்

அமெரிக்காவின் 1943 சென்ட் துத்தநாகம் பூசிய எஃகு. 2.70 கிராம், காந்தத்தில் ஒட்டும், நூறு கோடிக்கும் மேல் அடித்தது. வேறு ஆண்டின் சென்ட் வெள்ளையாக இருந்து, எடை 3.11 கிராமும் காந்தத்தில் ஒட்டாமலும் இருந்தால், பிற்பாடு யாரோ பூசியதாகவே பெரும்பாலும் இருக்கும். பூசியது பாதரசமாகவும் இருக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் வெறுங்கையால் தேய்க்க வேண்டாம். மூடிய பையில் போட்டு வையுங்கள்.