இரண்டு பழைய ஜிஎம்300, ஒரு ரிப்பீட்டர்

ஒரு அலைவரிசையில் கேட்பதை அதே நேரத்தில் இன்னொன்றில் திருப்பி அனுப்புவது ரிப்பீட்டர். ஒரு ரேடியோ அதில் ரிசீவர், மற்றது டிரான்ஸ்மிட்டர். கழித்துவிட்ட மொபைல் (வாகன) ரேடியோக்களில் இதற்கு நன்றாக ஒத்துவருவது மோட்டரோலா ஜிஎம்300. பின்பக்கம் 16 முனை ஆக்ஸசரி சாக்கெட் இருப்பதால் போர்டில் கைவைக்கும் வேலை மிகக் குறைவு. வாங்கும்போது பேண்டைப் பாருங்கள். ஹாம் (அமெச்சூர் வானொலி) ஆட்களான நமக்கு 144–146 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். அதனால் 136–162 வகையைத் தேடுங்கள். 146–174 வகை கீழே இறங்கியும் அலைவரிசையைப் பிடித்து நிற்கும் (லாக் ஆகும்) என்று நம்பி வாங்க வேண்டாம். 25 வாட் மாடல் போதும், அதையும் 10–12 வாட்டில் வையுங்கள். மொபைல் ரேடியோ விட்டுவிட்டுப் பேசுவதற்காகச் செய்தது. ரிப்பீட்டரில் நிமிடக்கணக்கில் கீ ஆகி, அதாவது விடாமல் அனுப்பிக்கொண்டே நிற்கும். ஹீட்சிங்க் மீது ஒரு 120 மிமீ விசிறி கட்டாயம். ரிப்பீட்டருக்குத் தனி அனுமதி தேவை. மத்திய அரசின் வானொலி உரிமப் பிரிவான டபிள்யூபிசி அதைத் தந்த பிறகே காற்றில் ஏற்றுங்கள்.

முதலில் மேசைமேல் இணைத்துப் பாருங்கள். ரிசீவரின் 8-ஆம் முனையை, சிக்னல் வந்தால் மின்னழுத்தம் தாழும்படி புரோகிராம் செய்து, டிரான்ஸ்மிட்டரின் 3-ஆம் முனைக்கு, அதாவது அனுப்புவதைத் தொடங்கிவைக்கும் பிடிடிக்குக் கொடுங்கள். 11-இலிருந்து வரும் ஆடியோ 10 கிலோஓம் பாட் (ஒலியளவைத் திருகும் மாறு மின்தடை) வழியாக 2-ஆம் முனைக்குப் போகட்டும். அந்த மைக் முனையில் டிசி பயாஸ் இருப்பதால் நடுவில் 1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வேண்டும். இரண்டு 7-ஆம் முனைகளும் கிரவுண்ட். ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால் 15, 16 முனைகளைச் சேர்த்துவிடுங்கள்.

ரிசீவருக்குள் ஜேயூ551 ஜம்பர் 'பி' நிலையில் இருக்க வேண்டும். அப்போதுதான் டீ-எம்ஃபசிஸ் ஆன (தூக்கலான உயர்சுரத்தைக் குறைத்த), ஸ்க்வெல்ச்சில் அடங்கும் (சிக்னல் இல்லாதபோது ஊமையாகும்) ஆடியோ கிடைக்கும். 'ஏ'-யில் வைத்துவிட்டு மைக் முனைக்குக் கொடுத்தால் குரல் கீச்சென்று ஒலிக்கும், கேரியர் போனதும் இரைச்சல் கொட்டும். புரோகிராம் செய்யும்போது டிரான்ஸ்மிட்டரின் டைம்-அவுட்டையும் பாருங்கள்: 60 விநாடியில் நின்றிருந்தால், நீளமாகப் பேசுபவர் பாதியில் அறுந்துபோவார். அதை நீக்கிவிட்டு 3 நிமிட வரம்பு, 2 விநாடி ஹேங் (பேச்சு முடிந்தபின் அனுப்பிக்கொண்டு நிற்கும் நேரம்), மோர்ஸ் ஐடி (நிலையப் பெயரை மோர்ஸில் சொல்வது) மூன்றையும், 8-க்கும் 3-க்கும் நடுவே வைக்கும் ஒரு ஆர்டுயினோ நேனோ போர்டிடம் விடுங்கள். பிடிடியைத் தாழ்த்த ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் போதும்.

இதுவரை செய்தது ஒரு மாலை வேலை. பணமும் பொறுமையும் போகும் இடம் டூப்ளெக்சர், அதாவது ஒரே ஆண்டெனாவில் அனுப்பவும் கேட்கவும் இரண்டையும் பிரித்து வைக்கும் வடிகட்டி. 145.200-இல் பேசிக்கொண்டே 144.600-இல் கேட்க வேண்டும். 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு 80–90 டெசிபல் பிரிப்பு தேவை. மொபைல் ரேடியோவோடு வரும் சின்னத் தட்டை டூப்ளெக்சர்கள் பல மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்கானவை. அவற்றை எவ்வளவு திருகினாலும் இந்த வேலைக்கு வராது. இரண்டு ஆண்டெனாக்களை நேர்மேலும் கீழுமாக 15 மீட்டர் தள்ளினாலும் ஏறத்தாழ 60 டெசிபல்தான் கிடைக்கும். குறைந்தது நான்கு பெரிய கேவிட்டிகள் (டூப்ளெக்சருக்குள் ஒரு அலைவரிசைக்கு டியூன் செய்யும் உலோக உருளைகள்) வேண்டும்.

டிரான்ஸ்மிட் பக்கத்து கேவிட்டியின் நாட்ச் (அது வெட்டித் தடுக்கும் புள்ளி) ரிசீவ் அலைவரிசையில் விழ வேண்டும். ரிசீவ் பக்கத்தில் இதற்கு நேர்மாறு. பலர் மாற்றி வைத்துவிட்டு ரேடியோவைக் குறைசொல்கிறார்கள். நேனோவிஎன்ஏ என்ற மலிவான அளவுகருவியால் 90 டெசிபல் ஆழத்தைப் பார்க்க முடியாது, ஆகவே கேவிட்டிகளைத் தனித்தனியாக டியூன் செய்யுங்கள். லாக்நட்டை இறுக்கும்போது நாட்ச் நகரும். இறுக்கியபின் மறுபடி அளந்து, வேண்டுமானால் தளர்த்தி, நகரும் அளவுக்கு முன்கூட்டியே எதிர்ப்பக்கம் விட்டு இறுக்குங்கள். இரண்டு கேவிட்டிக்கு நடுவே வரும் கேபிள் மின்கணக்கில் கால் அலை. ஆர்ஜி-214-க்கு அது ஏறத்தாழ 34 செமீ. கனெக்டரும் உள்ளே இருக்கும் லூப்பும் இதில் அடக்கம் என்பதால் வெட்டும் துண்டு இதைவிடக் குட்டை. அலுமினியத் தாளும் செம்புப் பின்னலும் சேர்ந்த கேபிளை டூப்ளெக்சருக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே போடாதீர்கள். காலப்போக்கில் இரு உலோகங்களும் உரசும் இடத்தில் கரகரப்பு பிறக்கும்.

கடைசியாக டீசென்ஸ் சோதனை: சொந்த டிரான்ஸ்மிட்டரே ரிசீவரைச் செவிடாக்குகிறதா என்று பார்ப்பது. டூப்ளெக்சரின் ஆண்டெனா முனையில் டம்மி லோடை (ஆண்டெனாவுக்குப் பதிலாக மின்சக்தியை விழுங்கும் மின்தடையை) மாட்டி, வலுவற்ற சிக்னல் ஒன்றை ரிசீவருக்கு விட்டு, டிரான்ஸ்மிட்டரைக் கையால் கீ செய்யுங்கள். குரல் இரைச்சலில் அமுங்கினால், டிரான்ஸ்மிட்டரின் கேபிளை டூப்ளெக்சரிலிருந்து கழற்றி நேராக டம்மி லோடில் போட்டுப் பாருங்கள். இன்னும் அமுங்கினால் பெட்டிகள் வழியாகவோ பவர் கம்பி வழியாகவோ கசிகிறது: ரேடியோக்களைத் தள்ளி வையுங்கள், மூடிகளின் எல்லாத் திருகுகளையும் போடுங்கள். சரியாகிவிட்டால் குறை டியூனிங்கில். டம்மி லோடில் சுத்தமாக இருந்து, ஆண்டெனாவை மாட்டியதும் மட்டும் இரைச்சல் வந்தால் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். அங்கே துருப்பிடித்த கிளாம்ப், ஈரம் புகுந்த கனெக்டர் இரண்டையும் முதலில் பாருங்கள்.