வடகரை, தென்கரை: நேச நாட்டு ரகசிய வலையை லேபில் கட்டுவது எப்படி

வைகையின் வடகரை ஒரு நாடு, தென்கரை இன்னொரு நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் உளவுத் தகவலைப் பகிர வேண்டும். எந்த நாடும் தன் சொந்த ரகசிய வலையைக் கூட்டாளிக்குத் திறந்துவிடாது. நடுவே தனியாக ஒரு கூட்டு வலை கட்டுவார்கள். ஆப்கானிஸ்தானில் 2010-ல் நேட்டோ செய்ததும் அதுதான்.

கேபிளுக்கு முன்னால் காகிதம். இந்தியாவும் அமெரிக்காவும் ராணுவத் தகவல் பாதுகாப்பு ஒப்பந்தத்தை 2002-லேயே போட்டுவிட்டன. மறைகுறியாக்கக் கருவிகளுக்கு வழிவிட்ட காம்காசா ஒப்பந்தம் 2018-ல்தான் வந்தது. நீங்களும் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: எதைத் தரலாம், தந்ததை மூன்றாமவருக்குக் காட்டலாமா.

நான்கு பழைய கணினிகள் போதும்: வடகரையின் உள்கணினி, வெளியே போவதைச் சோதிக்கும் காவல் கணினி, ஆளுக்கொரு கூட்டு வலைக் கணினி. காவல் கணினிக்கு இரண்டு லேன் கார்டு. ஒரு கார்டில் வந்ததைத் தானாக மறு கார்டுக்குக் கடத்தும் ஐபி ஃபார்வர்டிங்கை அணைத்துவிடுங்கள்.

காவல் கணினியிலிருந்து வெளியே போகும் வழி ஒருவழிப் பாதையாக இருக்கட்டும். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் மூன்று மீடியா கன்வெர்ட்டர் (லேன் கேபிளை ஃபைபர் இழையோடு இணைக்கும் பெட்டி) வாங்குங்கள். கேபிள்காரர்கள் வாங்கும் ஒற்றை ஃபைபர் வகையைத்தான் முதலில் நீட்டுவார்கள், அதில் ஒரே இழையில் இருபக்கமும் ஓடும், உதவாது. இரட்டை ஃபைபர், 10/100 வகை வேண்டும். ஜிகாபிட் வகை இருபக்கமும் பேசிக்கொண்டால்தான் லிங்க் தரும்.

காவல் கணினியோடு சேரும் முதல் கன்வெர்ட்டரின் டிஎக்ஸிலிருந்து (அனுப்பும் முனை), வடகரையின் கூட்டு வலைக் கணினியோடு சேரும் இரண்டாவதின் ஆர்எக்ஸுக்கு (வாங்கும் முனை) ஒரு இழை. திரும்பி வரும் இழையே கிடையாது. ஆனால் முதலாவதின் ஆர்எக்ஸில் வெளிச்சம் விழாவிட்டால் அது லிங்க் செத்துவிட்டது என்று நின்றுவிடும். அதை ஏமாற்றத்தான் மூன்றாவது, அதன் டிஎக்ஸை அங்கே செருகுங்கள். ஒரு பக்க லிங்க் போனால் மறுபக்கத்தையும் அணைக்கும் எல்எஃப்பி ஸ்விட்ச் இருந்தால் மூன்றிலும் ஆஃப். இழை முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

பதிலை எதிர்பார்க்கும் டிசிபி, பதில் வராத பாதையில் ஓடாது. பதில் கேட்காத யூடிபி மட்டும், எந்த ஐபி எந்த லேன் கார்டுக்கு என்ற ஏஆர்பி பதிவைக் கையால் போட வேண்டும். வேகத்தை 20 எம்பிபிஎஸ்ஸுக்குள் கட்டி, ஒவ்வொரு கோப்பையும் மூன்று முறை அனுப்பி, கோப்பு மாறாமல் வந்ததா என்று எஸ்எச்ஏ-256 கைரேகையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பலரும் மறைகுறியாக்கத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது பாதி வேலை, அதுவும் சுலபமான பாதி. எது வெளியே போகலாம் என்று முடிவெடுப்பது காவல் கணினிதான். நேரம், இடம், வகை, குறிப்பு, யாருக்கு விடலாம் என்ற குறியீடு என ஐந்து புலம் கொண்ட வரியை மட்டும் விடுங்கள். குறியீடு இல்லையா, நிறுத்து. வேர்டு கோப்பு வேண்டவே வேண்டாம். அழித்த வரிகூட உள்ளே ஒளிந்திருக்கும். குறிப்புப் புலம்தான் ஓட்டை: 40 எழுத்துக்கு மேல் விடாதீர்கள், அனுப்புமுன் இன்னொருவர் படிக்கட்டும்.

கூட்டு வலைக் கணினிகளுக்கிடையே வயர்கார்டு என்ற மறைகுறியாக்கச் சுரங்கம்: யூடிபி போர்ட் 51820, எம்டியு (பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1420 பைட். தனிச்சாவி பிறந்த கணினியை விட்டு நகரக் கூடாது. பொதுச்சாவியை நேரில் கொடுங்கள்.

கரண்ட் போய் வந்தபின் இணைப்பு வரவில்லை, பிழைச்செய்தியும் இல்லை என்றால் பேட்டரியைப் பாருங்கள். மதர்போர்டின் சிஆர்2032 செத்திருந்தால் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போயிருக்கும். கடைசியாகப் பார்த்த நேரத்துக்கு முந்தைய கைகுலுக்கலை வயர்கார்டு சத்தமில்லாமல் தள்ளிவிடும். பேட்டரியை மாற்றி நேரத்தைத் திருத்துங்கள்.

கடைசியில் கூட்டு வலைப் பக்கமிருந்து காவல் கணினியை பிங் செய்யுங்கள். காவல் கணினியில் ஓடும் டிசிபிடம்ப்பில் (பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) உள்ளே வரும் ஒரு பாக்கெட் தெரிந்தாலும் இழையை மாற்றிச் செருகியிருக்கிறீர்கள்.