பூனை சொறிகிறதா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பூனை சொறியத் தொடங்கியதும் புதிதாக வளர்ப்பவர்கள் பலரும் ஒரே மாதிரியான குழிகளில்தான் விழுகிறார்கள். சில்லறைத் தவறுகளை விட்டுவிட்டு, உயிரையே வாங்கும் ஒன்றிலிருந்து தொடங்குவோம்.

நாய் மருந்தைப் பாதியாக்கிப் பூனைக்கு விடுவது

வீட்டில் நாயும் பூனையும் இருக்கும். நாய்க்கு வாங்கிய தெள்ளுப்பூச்சி சொட்டு மருந்தில் கொஞ்சம் மீந்திருக்கும். "பூனை சின்ன உடம்புதானே, நாலு சொட்டு போதும்" என்று பிடரியில் விட்டுவிடுவார்கள். சில மணி நேரத்தில் காது துடிக்கும், தோல் அதிரும், கால்கள் நடுங்கும், பிறகு வலிப்பு வரும். சில பூனைகளுக்கு இது அடுத்தடுத்த நாள்களில்கூடத் தொடங்கலாம்.

நாய்களுக்கான பல சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி 40 சதவீதத்துக்கும் மேல் இருக்கிறது. அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. ஆகவே எடைக்கேற்ப அளவைக் குறைக்கும் கணக்கு இங்கே உதவாது. அது பூனைக்கு நஞ்சு. எத்தனை முறை சொன்னாலும் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடப்பது ஆற்றாமையாக இருக்கிறது. ஏனென்றால் இதைத் தடுக்க உறையில் 'பூனைகளுக்கு' என்று இருக்கிறதா, பூனையின் எடைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தாலே போதும்.

தவறி விட்டுவிட்டால், நடுக்கம் வரும்வரை காத்திருக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். பூனை தெளிவாக இருந்தால், பாத்திரம் கழுவும் மென்மையான திரவ சோப்பால் வெதுவெதுப்பான நீரில் மருந்து பட்ட இடத்தைக் கழுவுங்கள். வெந்நீர் தோல் வழியாக மருந்து உள்ளே போவதைக் கூட்டும். குளிர்ந்த நீர் உடல் சூட்டைக் குறைத்து நிலைமையை மோசமாக்கும். துவட்டிச் சூடாக வைத்து, மருந்தின் உறையோடு கொண்டு போங்கள். இதற்கு முறிமருந்து கிடையாது. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கித்தான் காப்பாற்றுவார்கள். மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலும், அதை நக்கினாலும் இதே ஆபத்து உண்டு. நாய்க்கு எதை விடலாம் என்பதையும், வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லியே கேளுங்கள்.

"தெள்ளு கண்ணில் படவில்லையே!"

பல நேரம் படாது. நக்கும்போதே பூனை அதை விழுங்கிவிடும். பல் நெருக்கமான சீப்பால் வால் அடியிலும் கழுத்திலும் வாரி, விழுந்த கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் போடுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, செரித்த ரத்தம். ஒன்றும் விழவில்லை என்பதை வைத்துத் தெள்ளு இல்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம். ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஓரிரு கடியே போதும்.

தெள்ளு மருந்தை ஒரு மாதத்தோடு நிறுத்துவது

முட்டையும் புழுவும் படுக்கையிலும் தரை இடுக்கிலும் இருக்கின்றன. கூட்டுப்புழு மாதக் கணக்கில் காத்திருக்கும். வீட்டிலுள்ள எல்லாப் பிராணிகளுக்கும் அததற்குரிய மருந்தைக் குறைந்தது 3 மாதம் விடாமல் கொடுங்கள்.

மனிதர் களிம்பு, தேயிலை மர எண்ணெய்

தடவியதைப் பூனை நக்கிவிடும். இரண்டும் வேண்டாம்.

வட்டமாக முடி கொட்டியதை ஒவ்வாமை என்று விடுவது

செதிலோடு வட்டத் திட்டு இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது பூஞ்சைத் தொற்று, வீட்டாருக்கும் ஒட்டும். ஸ்டீராய்டு கொடுத்தால் பரவும். முதலில் பரிசோதனை, பிறகு மருந்து.

வாரத்துக்கு ஓர் உணவு மாற்றுவது

இதில் எதுவும் தெரியவராது. உணவு ஒவ்வாமையா என்று அறிய, இதுவரை தின்னாத ஒரே புரதம் உள்ள உணவோ மருத்துவர் தரும் நீராற்பகுத்த (மிகச் சிறு துண்டுகளாக உடைத்த) புரத உணவோ, குறைந்தது 8 வாரம். இடையில் ஒரு துண்டு தின்பண்டம், சுவையூட்டிய மாத்திரை எதுவும் கூடாது. அரிப்பு அடங்கினால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் 2 வாரத்துக்குள் சொறிதல் திரும்பினால்தான் உணவு காரணம் என்பது உறுதியாகும்.