“கடலை இருக்கா?” என்று கேட்காதீர்கள்

மே மாதம் பிறந்தால் போதும், எந்தச் சுற்றுலா ஊர் ஓட்டலிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வேர்க்கடலை, முந்திரி அலர்ஜி உள்ள பிள்ளையோடு ஒரு குடும்பம் வந்து உட்காரும். அம்மா ஒரு கேள்வி கேட்பார், சர்வர் ஒரு பதில் சொல்வார், இலையில் சட்னி விழுந்துவிடும். மருந்தை மறக்காதீர்கள், கடலை மிட்டாய் வாங்கித் தராதீர்கள் என்பதையெல்லாம் அந்த அம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் தடுக்கி விழுவது வேறு இடத்தில்.

ஒற்றைச் சொல்லை நம்புவது

“தம்பி, சட்னியில கடலை இருக்கா?”

“கடலையெல்லாம் போட மாட்டோம்க்கா.”

சர்வர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் ‘கடலை’ என்றால் பொட்டுக்கடலை. அதைப் போடாமல் வேர்க்கடலையை வறுத்துத் தேங்காயோடு அரைத்திருக்கிறார்கள். கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெயரை வைத்துக்கொண்டு, அந்தப் பெயரிலேயே உயிர் போகிற கேள்வியைக் கேட்பதுதான் எரிச்சலான விஷயம். இத்தனைக்கும் வருடம் முழுக்க வீட்டில் லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பவர்கள் இவர்கள்.

ஊர் மாறினால் சொல்லும் மாறும். விழுப்புரம், கடலூர் பக்கம் அது மல்லாட்டை, மணிலா. கொங்கு நாட்டில் கடலைக்காய். யாழ்ப்பாணத்தில் கச்சான், அங்கே கடலை என்றால் கொண்டைக்கடலை. மூணாறு போகிறவர்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. கேரளத்தில் ‘கடல’ என்பது புட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் கறுப்புக் கொண்டைக்கடலை, வேர்க்கடலைக்குப் பெயர் கப்பலண்டி. ‘முந்திரி’ என்று சொன்னால் திராட்சை என்று எடுத்துக்கொள்வார்கள். நம் முந்திரிப்பருப்பு அங்கே அண்டிப்பரிப்பு. (கன்னியாகுமரி மாவட்டத்தார் இதில் தப்பித்துவிடுவார்கள். முந்திரி ஆலையையே அண்டி ஆபீஸ் என்பவர்கள் அவர்கள்.)

சொல்லைத் திருத்தினாலும் பாதிதான் முடிந்தது. ‘இருக்கா’ என்று கேட்டால், கூட்ட நேரத்தில் ‘இல்ல’ என்பதுதான் சுலபமான பதில். “என்னென்ன போட்டு அரைச்சீங்க? தாளிச்சது என்ன எண்ணெய்?” என்று கேளுங்கள். சர்வருக்குத் தெரியாவிட்டால் உள்ளே போய்க் கேட்டு வந்துதான் ஆக வேண்டும். மாஸ்டரிடமே பேச முடிந்தால் இன்னும் நல்லது. பகல் பன்னிரண்டுக்கு முன் போனால் அவரே வெளியே வந்து பேசுவார், ஒன்றரை மணிக்கு வர மாட்டார். எண்ணெயை விடாமல் கேளுங்கள். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் அலர்ஜியைத் தூண்டும் புரதம் தங்கியிருக்கும்.

வாயால் சொல்வதோடு ஒரு அட்டையும் கொடுங்கள். போகிற மாநிலத்தின் மொழியில், பெரிய எழுத்தில், இப்படி:

*“என் மகனுக்கு வேர்க்கடலை (மணிலா, மல்லாட்டை), முந்திரி, பிஸ்தா துளி பட்டாலும் மூச்சடைத்து உயிருக்கு ஆபத்தாகும். அரைத்த விழுது, கடலை எண்ணெய், முந்திரி வறுத்த நெய் எதுவும் கூடாது. இவை பட்ட கரண்டி, மிக்ஸி ஜார், வாணலியும் கூடாது. முடியாதென்றால் தயங்காமல் சொல்லுங்கள், வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்.”*

கடைசி வரியை வெட்டிவிடாதீர்கள். வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பக் கூசுகிற கடைக்காரருக்கு அந்த வரிதான் வழி விடுகிறது. பிஸ்தாவைச் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. முந்திரியும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாது.

“முந்திரியை மட்டும் எடுத்துட்டுக் குடுங்க”

பொங்கலில் ஊற்றிய நெய்யை எப்படி எடுப்பார்கள்?

குருமாவைத் தனியாகச் செய்யச் சொல்வது

குருமாவுக்கும் பன்னீர் பட்டர் மசாலாவுக்கும் வேண்டிய முந்திரி விழுதைப் பல ஓட்டல்களில் காலையிலேயே மொத்தமாக அரைத்துவிடுவார்கள். நீங்கள் கேட்கும்போது அது ஏற்கெனவே குழம்பில் கலந்திருக்கும். புளியோதரை, எலுமிச்சை சாதம், எண்ணெய்க் கத்திரிக்காய், ரவா கிச்சடி ஆகியவற்றைக் கேட்காமலே தள்ளிவிடலாம். இட்லித் தட்டிலிருந்து நேராக எடுத்த இட்லி, வீட்டிலிருந்து கொண்டுபோன பொடி, உடைக்காத பாக்கெட் தயிர் போதும். ஓட்டல் பொடியில் வேர்க்கடலை இருக்கலாம். சட்னி வாளிகளில் பரிமாறும்போது கரண்டிகள் இடம் மாறும், அதனால் எந்த வாளியும் வேண்டாம்.

பஃபே

வேண்டாம்.

அவில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது

அவில், செட்ரிசின் மாத்திரைகள் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். அடைபடும் மூச்சுக்குழலைத் திறக்காது, விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது. தடிப்போடு வாந்தி, இருமல், குரல் கம்முதல், தலைசுற்றல் ஏதாவது சேர்ந்தால் அடுத்த வேலை அட்ரினலின் ஊசிதான். தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள் போட வேண்டும். ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி போடலாம் என்பதால் இரண்டு டோஸ் கையில் இருக்க வேண்டும்.

பேனா வடிவ ஊசி கிடைக்காமல் ஆம்பூலும் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் வைத்திருப்பவர்கள், அளவைக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். கணக்கு கிலோவுக்கு 0.01 மி.கி. மி.லி.க்கு 1 மி.கி. உள்ள ஆம்பூலில் 15 கிலோ பிள்ளைக்கு 0.15 மி.லி. வரும். இன்சுலின் சிரிஞ்சை எடுக்காதீர்கள். அதிலுள்ள கோடுகள் யூனிட் கணக்கு, ஊசியும் தசையை எட்டாத குட்டை. 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்சில் எப்படி இழுப்பது என்பதை வீட்டிலேயே தண்ணீரில் பழகிவிடுங்கள்.

போட்டதும் 108-ஐ அழையுங்கள். பிள்ளையைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்காரலாம், வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கார் வரைக்கும் நடத்திக்கொண்டு போவது பெரிய தவறு. எழுந்து நிற்கும் நொடியில் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

ஊசியைக் காரில் விட்டுப் போவது

வெயிலில் நிற்கும் காரில் மருந்து கெடும். உங்கள் தோள்பையில் இருக்கட்டும்.

மலையேறும் முன் புது உணவு

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. அவற்றுக்கு நடுவில் வாந்தி வந்தால் அது வளைவினாலா அலர்ஜியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஆம்புலன்ஸும் அதே வளைவுகளில்தான் வர வேண்டும். ஏறும் நாளில் வீட்டுச் சாப்பாடு. புதுக் கடையைப் பார்ப்பதானால் பெரிய ஆஸ்பத்திரி உள்ள ஊரில் பாருங்கள்.

தேறியதும் அறைக்குத் திரும்புவது

ஊசியில் அடங்கிய அலர்ஜி, சில மணி நேரம் கழித்து எதையும் சாப்பிடாமலே திரும்ப வரலாம். டாக்டர் அனுப்பும் வரை ஆஸ்பத்திரியிலேயே இருங்கள். சாயங்காலப் படகுக்கு டிக்கெட் எடுத்திருந்தால் அந்தக் காசு போகட்டும்.