நான்கு வயதுப் பிள்ளைக்கு வினாத்தாள் அடிக்காதீர்கள்: முன்பள்ளிச் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கிண்ணியாவிலிருந்து நான்கு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். நால்வரும் சொந்தமாக முன்பள்ளி நடத்துகிற இளம் ஆட்கள். சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கப் போகிறார்களாம். திருகோணமலை நகரில் தனியார் முன்பள்ளிச் சங்கம் ஒன்றுக்கு எட்டு வருடம் செயலாளராக இருந்தவள் என்று யாப்பு, அதாவது சங்க விதிகள், எழுத என்னிடம் உதவி கேட்டார்கள். முதல் வருடத் திட்டத்தை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார்கள். முதல் வரியே "எல்லா முன்பள்ளிகளுக்கும் பொதுப் பரீட்சை". எனக்குத் தேத்தண்ணீர் புரையேறிவிட்டது. அதே வரியை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன்.

கணக்கை ஒழுங்காக வை, கூட்டக் குறிப்பு எழுது, தலைவர் கதிரைக்குச் சண்டை பிடிக்காதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் தவறுவோம்.

நாம் யார் என்று தெரியாமல் தொடங்குவது

வெளிநாட்டுத் தனியார் பாடசாலைச் சங்கங்களின் திட்டங்களைப் பார்த்து அப்படியே இங்கே இறக்கப் பார்ப்பவர்கள் உண்டு. நம் நாட்டில் நிலைமை வேறு. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம், 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதைத் தடுக்கிறது. அரசு பொறுப்பேற்காமல் விட்ட பழைய பாடசாலைகள் சில இன்றும் தனியாராகவே நிற்கின்றன. சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்து அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போகின்றன. ஐந்து வயதுக்குக் கீழே இருப்பது நாங்கள். முன்பள்ளிகளை மேற்பார்வை செய்வது மாகாண சபைக்குரிய விடயம். கிழக்கில் அதற்கென்றே முன்பள்ளிக் கல்விப் பணியகம் இருக்கிறது.

எங்களிடம் சாதாரண தரப் பரீட்சையும் இல்லை, புலமைப்பரிசில் பரீட்சையும் இல்லை. பெற்றோர் வந்து "உங்கட பள்ளிக்கூடம் நல்லதா?" என்று கேட்டால் காட்டுவதற்குக் கையில் ஒரு பெறுபேறு கிடையாது. அந்த முழிப்பில்தான் பொதுப் பரீட்சை பிறக்கிறது.

பொதுப் பரீட்சை

நாங்கள் பொதுப் பரீட்சை தொடங்கிய வருடம் எங்கள் சங்கத்தில் 11 முன்பள்ளிகள். தரத்தை உயர்த்த வேண்டும் என்று எல்லாரும் பேசினோம். எங்கே தொடங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. சரி, முதலில் அளந்து பார்ப்போம் என்று எழும்பிச் சொன்னது நான்தான். கார்த்திகை மாதம் அச்சகத்தில் கொடுத்து வினாத்தாள் அடித்தோம். அ முதல் ஃ வரை எழுது. 1 முதல் 50 வரை எழுது. மாம்பழத்துக்குக் கோட்டுக்கு வெளியே போகாமல் நிறம் தீட்டு. நூற்றுக்குப் புள்ளி, முதல் மூன்று பள்ளிகளுக்குக் கேடயம். அந்த வருடச் சந்தாப் பணம் முழுக்க அச்சகத்துக்கும் கேடயத்துக்கும் போய்விட்டது. காசு போனால் போகட்டும்.

முதலாவதாக வந்த பள்ளி, தை மாதச் சேர்ப்புக்கு முன்னமே வீதியில் பதாகை கட்டியது. கடைசியாக வந்தது கரையோரத்தில், மீன்பிடிக் குடும்பங்களுக்கு நடுவில் இருந்த பள்ளி. அடுத்த வருடம் அங்கே பிள்ளைகள் பாதியாகக் குறைந்தார்கள். அதற்கடுத்த வருடம் பூட்டிவிட்டார்கள். அந்தப் பள்ளியின் ரீச்சரைப் போலக் கதை சொல்லத் தெரிந்த ஒருவரை நான் இன்னும் காணவில்லை. எங்கள் வினாத்தாளில் கதைக்குப் புள்ளி இல்லை.

இரண்டாம் வருடம் எல்லாரிடமும் பழைய வினாத்தாள் இருந்தது. தை மாதமே பயிற்சி தொடங்கிவிட்டார்கள். நானும்தான். மணல்தொட்டி இருந்த மூலையில் மேசை போட்டேன். மணலை முற்றத்தில் கொட்டினேன். பெற்றோருக்குச் சந்தோசம்: பிள்ளை மணலோடு வீட்டுக்கு வராமல் எழுத்தோடு வருகிறதே! அந்த முறை எல்லாப் பள்ளிக்கும் புள்ளி கூடியது. "கல்வித் தரம் உயர்ந்துள்ளது" என்று ஆண்டறிக்கையில் என் கையாலேயே எழுதினேன்.

அப்புறம் ஒருநாள் கோயிலில் ஒரு முதலாம் தர ரீச்சரைக் கண்டேன். அரச பாடசாலைக்காரர், என் பிள்ளைகள் பலர் அவரிடம்தான் போகிறார்கள். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "உங்கட பிள்ளையள் எல்லா எழுத்தும் எழுதுதுகள் ரீச்சர்," என்றார். "ஆனா 'ட'வை வலப்பக்க முனையில தொடங்கி மேல இழுக்குதுகள். பென்சிலைக் கத்தி மாதிரிப் பிடிக்குதுகள். அதை மறக்கப்பண்ணவே எனக்கு ஒரு தவணை போகுது."

நான்கு வயதில் மணிக்கட்டின் சிறு எலும்புகள் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். விரலுக்குப் பலம் வருவது மணல் அள்ளுவதில், களிமண் பிசைவதில், சட்டைத் தெறி பூட்டுவதில். அதற்கு முன் பென்சிலைத் திணித்தால் பிள்ளை எழுத்தை எழுதாது, படம் மாதிரிப் பார்த்துக் கீறும். 1999இல் நாடு முழுவதும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் முதலாம், இரண்டாம் தரங்களிலேயே விளையாட்டுக்குத்தான் முதலிடம் கொடுத்தது. முதலாம் தரத்தில் விளையாட விடு என்று அரசு சொல்லிக்கொண்டிருக்க, அதற்கு முந்திய வருடம் நாங்கள் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தோம்!

ஒரு விடைத்தாளை இன்றும் வைத்திருக்கிறேன். 1 முதல் 50 வரை எழுத வேண்டிய இடம் வெறுமை. பின்பக்கத்தில் அந்தப் பையன் ஒரு வள்ளம் கீறியிருக்கிறான். எஞ்சின், வலை, வலைக்குள் ஏழு மீன், ஏழும் ஏழு அளவு, சின்னதிலிருந்து பெரிதாக. அவனுக்கு நான் போட்ட புள்ளி பூச்சியம்.

இப்போது செய்வது வேறு. மாதம் ஒரு காலை, ஒரு பள்ளி ரீச்சர் இன்னொரு பள்ளியில் போய் இருப்பார். புள்ளித்தாள் கிடையாது. அன்று பிள்ளைகள் கேட்ட கேள்விகளை மட்டும் அப்படியே எழுதிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். சில பள்ளிகளில் காலை முழுக்க இருந்தும் கொப்பியில் இரண்டு கேள்விதான் தேறியது, அதில் ஒன்று "ரீச்சர், ஒண்டுக்குப் போகட்டா?" அந்தக் கொப்பியைப் பார்த்த பள்ளி நடத்துநருக்கு நாங்கள் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சங்கப் பணம் பஸ் காசுக்கும், போனவரின் வகுப்பைப் பார்க்கிற பதில் ரீச்சரின் கூலிக்கும் போகிறது. கேடயத்தைவிட மலிவு. பெற்றோர் இன்னும் "எழுத்துப் படிப்பிக்கிறீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். அது மாறவில்லை.

கட்டணத்தில் தொடங்குவது

முதல் கூட்டத்திலேயே மாதக் கட்டணத்தை எவ்வளவாக்கலாம் என்று பேசினால் அடுத்த பத்துக் கூட்டமும் அதிலேதான் கழியும். ரீச்சர்மாரின் சம்பளத்தில் தொடங்குங்கள். அதற்கு ஒரு அடிமட்டம் வைத்தால் கட்டணம் தானாக ஒரு இடத்துக்கு வந்து நிற்கும். அடிமட்டம் இல்லாவிட்டால், திறந்த பல்கலைக்கழகத்தில் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் முடித்த ரீச்சரை இரண்டாயிரம் கூடக் கொடுத்துப் பக்கத்துப் பள்ளி இழுத்துக்கொள்ளும். இது நடக்கிற சங்கத்தில் யாரும் தன் ரீச்சரை இன்னொரு பள்ளியைப் பார்க்க அனுப்ப மாட்டார்கள். எங்களில் இரண்டு பேர் இன்றுவரை அனுப்பவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

பட்டமளிப்பு விழா

நான்கு வயதுப் பிள்ளைக்குக் கறுப்பு அங்கியும் தொப்பியும். வேண்டாம்.

ஒருநாள் செயலமர்வு

குத்துவிளக்கு, பொன்னாடை, மதியம் பிரியாணி, பின்னேரம் சான்றிதழ். திங்கட்கிழமை வகுப்பில் எதுவும் மாறியிருக்காது.

பணியகத்தைப் பிரதம விருந்தினராக மட்டும் அழைப்பது

மாலை போடத் தேடிப்போகிறோம். பார்வையிட வந்தால் ஒளிந்துகொள்கிறோம். ஒரு முறை விழா எதுவும் இல்லாத சாதாரண நாளில் வரச் சொல்லிப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம்

எங்கள் கூட்டம் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, எப்போதும் நகரத்தில். முன்பள்ளி விட்டு எல்லாரும் வரச் சுகம் என்று வைத்த நேரம். கிண்ணியா, மூதூர் உறுப்பினர்கள் வரவேயில்லை. அது முஸ்லிம்களின் ஜும்ஆ தொழுகை நேரம் என்பது இரண்டு வருடமாக எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அதைவிட மோசம், "தொடர்ச்சியாகக் கூட்டங்களுக்குச் சமுகமளிக்காமை" என்று தலைப்புப் போட்டு அவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. கையொப்பம் என்னுடையது. கூட்டத்தைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றியபோது அவர்களில் பலர் விலகிவிட்டிருந்தார்கள்.

வந்த நால்வரும் எழும்பும்போது, தனியாக ஏன் சங்கம், எங்களோடு சேரலாமே என்று கேட்டேன். அவர்களில் இளையவள் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

"அந்தக் கடிதம் எங்கட உம்மாவுக்கும் வந்தது ரீச்சர்."