பி.டி. பீரியட் அன்று மட்டும் வரும் வயிற்றுவலி

சேலத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பி.டி. பீரியட் உள்ள நாளில் மட்டும் உங்கள் பிள்ளைக்கு வயிறு வலிக்கிறதா? ஓமத்தண்ணீர் கொடுக்கும் முன் டைம்டேபிளைப் பாருங்கள். காரணம் கிரவுண்டில் நடக்கும் கிண்டலாக இருக்கலாம்.

"யார் உன்னைக் கிண்டல் பண்றாங்க?" என்று கேட்டால் பிள்ளை வாய் திறக்காது. "டீம் எப்படிப் பிரிச்சாங்க? உன்னை எப்போ எடுத்தாங்க?" என்று கேளுங்கள். பாதி அவமானம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டு கேப்டன்கள் ஒவ்வொருவராகப் பொறுக்குவார்கள். கடைசியில் நிற்கிறவனை "இவனை நீயே வெச்சுக்கோ" என்று தள்ளிவிடுவார்கள். பட்டப்பெயர், தண்ணீர் பாட்டிலை ஒளித்துவைப்பது எல்லாம் அப்புறம் வருபவை.

பிள்ளை சொல்வதைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். மாலை பெல் அடித்த பிறகு பி.டி. ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள். காலை பிரேயர் நேரத்தில் அவர் காதில் எதுவும் ஏறாது. புகாரோடு தொடங்காமல், ஒன்று இரண்டு என்று எண்ணச் சொல்லி டீம் பிரிக்க முடியுமா என்று கேளுங்கள். அரை நிமிட வேலை. ஓட்டம் வராத, கனமான பிள்ளையைக் கபடியில் பிடிக்க நிறுத்தலாம். அங்கே எடை உதவும். அடி, மிரட்டல் என்றால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், நகல் உங்களிடம் இருக்கட்டும். அசையவில்லையா, குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள்.

"நாளைக்கு அவன் உன்கிட்டயே வேலை கேட்டு வருவான் பாரு" என்று மட்டும் ஆறுதல் சொல்லாதீர்கள். என் பழைய மாணவன் ஒருவன், புதுக் கார் வாங்கியதும், பள்ளியில் தன்னைக் கிண்டல் பண்ணியவனைத் தேடியே பழைய மாணவர் கூட்டத்துக்கு வந்தான். அந்த ஆள் கைகுலுக்கிவிட்டு, "நீங்க எந்த செக்‌ஷன்?" என்றான். இவன் சாப்பிடாமலே கிளம்பிவிட்டான். பிற்காலத்தில் நன்றாக இருப்பவர் யார் என்று என்னைக் கேட்டால், நாற்பது வயதிலும் அஸ்தம்பட்டிப் பக்கம் காலையில் ஷட்டில் ஆட வருகிறவர்களைத்தான் காட்டுவேன். அவர்களில் பலர் பள்ளி டீமில் இருந்ததே இல்லை.

உயரம் தாண்டும் வீரர் மாரியப்பனைக் காட்டியும் விரட்டாதீர்கள். பெரியவடகம்பட்டிக்காரர் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார், நமக்கெல்லாம் பெருமைதான். உங்கள் பிள்ளை தாண்ட வேண்டியது வரும் வியாழக்கிழமை பி.டி. பீரியடை.

அதற்குக் காந்தி ஸ்டேடியம் வரை போக வேண்டாம். மொட்டை மாடியில் டென்னிஸ் பந்தைச் சுவரில் எறிந்து பிடிக்கப் பழக்குங்கள். ஸ்கோர் எண்ணாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிடுங்கள். அதே வகுப்பு என்றால் இன்னும் நல்லது, கிரவுண்டில் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் ஆச்சு.